விற்பனைக்கு அல்ல

பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994 திருத்தத்தில் வந்தது. திருட்டு மென்பொருள் என்று அறிந்தே அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவனுக்குக் குறைந்தது 7 நாள், கூடினால் 3 வருஷம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. சம்பாதிக்கிற எண்ணம் இல்லாமல் சும்மா வைத்திருந்த அசடு என்று தெரிந்தால், ஜெயிலை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிபதிக்கு இடம் உண்டு. இதை நான் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தபோது என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏழு நாளா? சாப்பாடு அவங்களே போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். ஆவலாகவே கேட்டாள்.

என் பக்கம் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. 'அறிந்தே' என்கிறது சட்டம். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் எதையும் அறிந்து செய்தவன் இல்லை. குத்தாலத்தில் எங்கள் தெருவே வந்து சாட்சி சொல்லும்.

2000-ஆம் வருஷம் கொள்முதல் நிலையத்தில் தாளடி நெல் போட்ட பணம் கையில் நின்றது. எங்கள் வீட்டில் பணம் கையில் நின்றால் யாராவது யோசனை சொல்லிவிடுவார்கள். இந்த முறை சொன்னது என் மச்சினன். மெட்ராஸில் வேலை, ரிச்சி தெருவில் பழக்கம். அங்கேயே உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்துப் பூட்டிய பெட்டியும், கூடவே ஒரு சிடியும் கொண்டு வந்தான். சிடி மேல் மார்க்கர் பேனாவால் 'எல்லாம் இருக்கு' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதின புண்ணியவான் யார், என்ன பேர், எந்த ஊர் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பால்காரரை மாற்றவே பதினைந்து நாள் விசாரிக்கிற குடும்பம் எங்களுடையது.

அந்தக் காலத்துப் பூட்டுகளும் நம்மை நம்பித்தான் போட்டவை. விண்டோஸ் 95-க்கு எண்ணைக் கேட்டால், எல்லாம் ஒன்று ஒன்றாக அடித்தாலே திறந்துகொள்ளும். கடைசி ஏழு இலக்கத்தையும் கூட்டினால் ஏழால் வகுபட வேண்டும், ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் கெடுபிடி. விண்டோஸ் 98-க்குக் கொஞ்சம் விவரம் வந்து 25 எழுத்து கேட்டது. அதைப் பாம்புப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தோம். என் மகன் அதைப் பார்க்காமல் சொல்லுவான். பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டால் மட்டும் தலைவலி வரும்.

இதெல்லாம் தப்பில்லையா என்று மச்சினனை ஒரு நாள் கேட்டேன். கேட்டதோடு விடாமல், பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் பற்றியும் படித்ததைச் சொன்னேன். ஆல்டேர் என்கிற கம்ப்யூட்டருக்கு அவர் கூட்டாளிகளோடு பேசிக் என்ற மென்பொருளை எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் வாங்கினவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவில்லை, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள், கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று மனிதர் புலம்பியிருந்தார். மச்சினன் முகம் வாடிவிட்டது. "பாவம் அத்தான்," என்றான். "நல்லா வந்திருக்க வேண்டிய மனுஷன்."

புலம்பலோடு நிற்காதவர்களும் உண்டு. லாகூரில் அல்வி சகோதரர்கள் என்று இரண்டு பேர். மருத்துவத்துக்காக எழுதிய மென்பொருளை எல்லாரும் நகல் எடுக்கிறார்களே என்ற கோபத்தில் 1986-ல் ஒரு வைரஸை எழுதி ஃபிளாப்பியில் விட்டார்கள். பிரெயின் என்று பேர். திருடினவன் வந்து மாட்டட்டும் என்று அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்தார்கள். அது கடல் தாண்டிப் போய், எங்கெங்கிருந்தோ போன் வந்து கொட்டியது. திருடனைப் பிடிக்கப் பொறி வைத்துவிட்டு அதில் தன் வீட்டு விலாசத்தை ஒட்டுகிற வெள்ளை மனசு எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான் ஏதாவது செய்திருப்பேன்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு நகல் எடுப்பது திருட்டு என்று மண்டையில் ஏறாததற்குக் காரணம் உண்டு. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இங்கே கூப்பிடு தூரம். அங்கே ஒரு நெல் ரகம் வெளியிட்டால் முதலில் ஒருவர் வயலில் பார்ப்போம். பயிர் நன்றாக நின்றால் அடுத்த போகத்துக்கு, "அண்ணே, ஒரு மூட்டை விதை குடுங்க" என்போம். அவர் கொடுப்பார், ரசீது யாரும் கேட்டதில்லை. சிடியும் அப்படித்தான் கைமாறியது. 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம்கூட, கம்பெனிப் பேர் போட்டு விற்காதவரை விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. சிடி விளைகிற சரக்கில்லை என்று எங்களுக்கு அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். சிடியில் ஜாதகம் கணிக்கிற மென்பொருளும் இருந்தது. ஜோசியருக்குத் தட்சணை மிச்சம் என்று நானே கணித்து, நானே அச்சடித்து, கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். பையனின் அப்பா தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கையில் கொடுத்தால் முதலில் அடிக்குறிப்பைப் படிக்கிற ஜாதி. போன் செய்தார்.

"ஜாதகம் பாத்தோம். நவாம்சத்துக்குக் கீழ ஒரு வரி போட்டிருக்கே?"

கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் மகள் பெயர், நட்சத்திரம், ராசி, எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில்: 'பதிவு செய்யப்படாத மாதிரிப் பிரதி. விற்பனைக்கு அல்ல.'

"பொண்ணு விஷயத்துல மத்ததெல்லாம் பதிவாகியிருக்கு இல்லையா?" என்றார் அவர்.

என் மகள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜாதகத்துலயே சரியா இருக்கிற வரி இது ஒண்ணுதான்ப்பா," என்றாள். யாரோ முகம் தெரியாதவன் செய்த அரைகுறை வேலைக்கு நான் தலை குனிந்து நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் முகம் தெரியாத வேறு சிலர் தமிழில் நல்ல சரக்கைச் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த பாலா பிள்ளை தமிழ்.நெட் என்று மடற்குழு வைத்து, ஊர் ஊராக இருந்த தமிழர்களைத் தமிழிலேயே கடிதம் எழுத வைத்தார். ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள் அங்கே கூடி, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்று சண்டை போட்டுப் போட்டே டிஸ்கி என்கிற குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழைய நூல்களை ஆளுக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். மோடம் தொண்டையைச் செருமிச் செருமித் தொடர்பு கிடைக்கிற ராத்திரிகளில் நானும் அந்தக் குழுவில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

முரசு அஞ்சலை இறக்கலாமா என்று கேட்டதும் மச்சினன் பதறிவிட்டான். "சும்மா எவன் குடுப்பான் அத்தான்? உள்ள எதையாவது வெச்சிருப்பான். வேணாம். நம்ம சிடியிலயே தமிழ் இருக்கு."

இருந்தது. அச்சுக்கூடக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற மென்பொருள். வாங்கினால் கம்ப்யூட்டர் முதுகில், பிரிண்டர் வயர் செருகுகிற இடத்தில் மாட்டிக்கொள்ள டாங்கிள் என்று ஒரு சின்னக் கட்டை தருவார்கள். கட்டை இல்லாவிட்டால் வேலை செய்யாது. எங்களுடையது கட்டை இல்லாமலே வேலை செய்தது. அதில் ஒரு சிரமம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனி எழுத்துக்கும் ஒவ்வொரு குறியீடு. நான் அடித்ததைப் படிக்க வேண்டுமானால் படிக்கிறவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்துகள் தலைகால் புரியாமல் வந்து நிற்கும். ரகசியக் காகிதங்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எது என்று நினைத்து, மகள் கல்யாணத்துக்கான சீர்ப் பட்டியலை அதில் அடித்து வைத்தேன். இரண்டு பத்தி. ஒன்றின் தலைப்பு 'கேட்டால்'. பக்கத்தில் 'கேட்காவிட்டால்'. முதல் பத்தியில் பீரோ, ஸ்கூட்டர், கிரைண்டர். இரண்டாவதில் குத்துவிளக்கு.

2001 ஜூலையில் சர்காம் என்ற வைரஸ் கிளம்பியது. அது தன்னை மட்டும் அனுப்பிக்கொள்வதில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற சொந்தக் காகிதங்களில் ஏதாவது ஒன்றை எடுத்து, 'சௌக்கியமா? உங்கள் யோசனைக்காக இதை அனுப்புகிறேன்' என்று பணிவாக இங்கிலீஷில் எழுதி, முகவரிப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவிலேயே ஒருவருடைய மேஜையிலிருந்து காகிதங்கள் பறந்ததாகச் செய்தி வந்தது. மச்சினனின் சிடியில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்த என் மகன் பிற்பாடு, அதற்கே காய்ச்சல் என்றான்.

எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டது எந்தக் காகிதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மடற்குழுக்காரர்களில் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாளே பதில் வந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் சர்காம் புகுந்திருக்கிறது, நாங்கள் திறக்கவில்லை, இன்னின்ன மாதிரி சுத்தம் செய்யுங்கள் என்று ஒருவர் படிப்படியாக எழுதியிருந்தார். என்னை அவர் பார்த்ததில்லை, என் பட்டியலையும் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி செய்து முடிக்கையில் விடிந்துவிட்டது.

காலையிலேயே கும்பகோணத்திலிருந்து போன். குரலில் தணிக்கைத் துறை முழுவதும் இருந்தது.

"அதென்ன சார், கேட்டா ஸ்கூட்டர், கேக்கலைன்னா குத்துவிளக்கா? நாங்க கேக்கற மனுஷங்கன்னு முடிவே கட்டிட்டீங்களா?"

எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் ஊர் சிவன் கல்யாண விஷயத்தில் சொன்னபடி நடந்து, அடையாளத்துக்குப் பாதுகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர். பாதுகையோடு மரத்தையும் சேர்த்து வைத்தார் என்கிறது தலபுராணம். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் இப்படி மாட்டிக்கொண்டேனே என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். மனைவி எதிரில் நின்று, 'மன்னிப்புக் கேளுங்க' என்று கையால் ஜாடை காட்டினாள். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, வாழ்க்கையில் அபூர்வமாக, எனக்கு மூளை வேலை செய்தது.

"சம்பந்தி," என்றேன். "அதை எப்படிப் படிச்சீங்க?"

"எப்படின்னா? திறந்தேன், படிச்சேன்."

"தமிழ்லயா வந்துச்சு?"

"தமிழ்லதான்... ஏன்?"

"அந்த எழுத்துரு கட்டையோட விலைக்கு வர்ற சரக்காச்சே. உங்க கம்ப்யூட்டர்ல கட்டை மாட்டியிருக்கா?"

தொண்டையைச் செருமினார். மோடம் மாதிரியே இருந்தது.

"பையனோட அத்தை மகன் போட்டுக் குடுத்தான்," என்றார்.

அதற்கப்புறம் அவர் ஸ்கூட்டர் கேட்கவில்லை. குத்துவிளக்கு வாங்கினோம். கல்யாணப் பத்திரிகையை அதே எழுத்துருவில்தான் அடித்தோம். பிரூஃபைக் கும்பகோணத்திலேயே, அவர் கம்ப்யூட்டரிலேயே, அவரே பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.