கவிழ்த்துப் பார்த்த படகும் கவிழாமல் காத்த கோப்பையும்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் உள்ள பூல் என்னும் துறைமுக நகரம், படகு கட்டும் கலை எத்தனை முரண்பட்ட ஆசைகளுக்கு ஊழியம் செய்யக்கூடியது என்பதை ஆராய விரும்புவோருக்கு மிகவும் வசதியான இடமாகும். அங்கே 1969-இல் ராபர்ட் பிரெய்த்வெயிட் என்பவர் தொடங்கிய சன்சீக்கர் நிறுவனம் செல்வந்தர்களுக்கான சொகுசு விசைப்படகுகளைக் கட்டிவருகிறது. அதே நீர்க்கரையில், 1824-இல் தோன்றிய ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்னும் அறநிறுவனம், புயலில் புறப்படுவதற்கென்றே மீட்புப் படகுகளைக் கட்டிவருகிறது. வானிலை அறிக்கையைக் கேட்டு முதல் வகைப் படகு துறைக்குத் திரும்பும்போது, அதே அறிக்கையைக் கேட்டு இரண்டாம் வகைப் படகின் பணியாளர்கள் காலணியைத் தேடுகிறார்கள் என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் சாரம். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான பூல் துறைமுகத்தின் சராசரி ஆழம் ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். மாக்கடலை வெல்லும் கனவுகள் முழங்காலளவுத் தண்ணீரில் பிறப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மேற்படி அறநிறுவனத்தின் சோதனை முறைகளுள் கவிழ்ப்புச் சோதனை தனிக் கவனத்துக்குரியது. இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாகும் ஷானன் வகை மீட்புப் படகைக் கட்டி முடித்து, நீலமும் ஆரஞ்சும் தீட்டிய பின்னர், அதன் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, துறைமேடையில் நிற்கும் கிரேனால் இழுத்து, ஆளில்லாத அப்படகைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார்கள். அது சில நொடிகளில் தானே நிமிர்ந்து நின்றால் தேர்ச்சி பெற்றதாகக் கொள்ளப்படும். சொகுசுப் படகுக்கும் சோதனைகள் உண்டு, அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது அறமன்று. ஆயினும் வெண்தோல் இருக்கைகளையும் வால்நட் மரப்பலகைகளையும் பொருத்தி முடித்த பிறகு அதன் அருகே இத்தகைய நோக்கத்துடன் ஒரு கிரேனைக் கொண்டுவர எவரும் துணிவதில்லை. வாங்க வருபவரும் பனிக்கட்டி இயந்திரத்தின் கொள்ளளவை விசாரிப்பாரேயன்றி, தமது படகு தலைகீழாக எப்படித் தோன்றும் என்று விசாரிப்பதில்லை.

தானே நிமிரும் தன்மை என்பது மந்திரமன்று. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் அடிப்பாகத்தின் கனமே வேலை முழுவதையும் செய்துவிடுகிறது. மீட்புப் படகிலோ இயந்திரங்களின் கனம் அடியில் இருப்பதோடு, நீர் புகாதபடி அடைக்கப்பட்ட மேற்கட்டு காற்று நிறைந்த பெட்டியாகவும் அமைவதால், படகு கவிழும்போது அப்பெட்டி நீருக்குள் அமிழ மறுத்து மேலே வரத் துடிக்கிறது, கனமோ கீழே செல்லத் துடிக்கிறது, இவ்விரு துடிப்புகளுக்கும் இடையில் தலைகீழாக நிலைத்து நிற்பது படகுக்கு இயலாத காரியமாகிவிடுகிறது. இக்கருத்து பழையது. 1789-இல் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் அட்வெஞ்சர் என்னும் கப்பல் சிதைந்து, அதிலிருந்தவர்களுள் பலர் கரையில் கூடியிருந்தோர் கண்ணெதிரே மாண்ட பின்னர், சிறந்த மீட்புப் படகுக்கான போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. சவுத் ஷீல்ட்ஸ் ஊரைச் சேர்ந்த வில்லியம் உட்ஹேவ் என்பவர், தண்ணீரில் மிதந்த உடைந்த மரக்கிண்ணத் துண்டு ஒன்று எப்படிப் புரட்டினாலும் நிமிர்ந்துகொள்வதைக் கண்டு, தானே நிமிரும் படகின் மாதிரியைச் செய்தார் என்று கதை வழங்குகிறது. பரிசுத் தொகை இரண்டு கினி. போட்டியை நடத்திய குழுவினர் அவருக்கு ஒரு கினியைத் தர முன்வந்து, படகு கட்டும் பணியை ஹென்றி கிரேட்ஹெட் என்பவரிடம் ஒப்படைத்தனர். அவ்வாறு 1790-இல் மிதந்த படகுக்குத் தானே நிமிரும் ஆற்றல் இல்லை. அரைப் பரிசுக்கு அரைக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வது குழுக்களின் இயல்பு போலும்.

உட்புற அமைப்பை ஒப்பிடும்போது, பார்ப்பவரின் பொது அறிவு தலைகீழாகப் புரள்வதைக் காணலாம். நிலத்தில் விசாலமான கூடம் செல்வத்தின் அடையாளம். அலைகடலிலோ, ஒரு மனிதன் பிடிமானமின்றிப் பறந்துசெல்லக்கூடிய தொலைவின் அளவே கூடத்தின் விசாலம். சொகுசுப் படகின் படுக்கையறையில், மூன்று பக்கங்களிலிருந்தும் ஏறிப் படுக்கும்படி அறையின் நடுவே போடப்படும் கட்டில் பெருமைக்குரியதாகக் கருதப்படுகிறது. படகு பக்கவாட்டில் உருளத் தொடங்கினால், அதே மூன்று பக்கங்களிலிருந்தும் இறங்கும் வாய்ப்பும் அதில் உறங்குபவருக்குக் கிடைக்கிறது, இறங்க விரும்புகிறாரா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கொந்தளிக்கும் கடலுக்கென்றே கட்டப்பட்ட முரட்டுப் படகில் படுக்கை ஒடுங்கியிருக்கும், அதன் ஓரத்தில் உறங்குபவரைத் தாங்கத் துணித்தடுப்பு கட்டப்பட்டிருக்கும், சமையலறை இடுப்பைச் சாய்த்து நின்றுகொள்ளும் அளவுக்கு நெருக்கமாயிருக்கும், கை நீட்டும் இடமெல்லாம் பிடிகம்பி இருக்கும். ஷானன் படகிலோ பணியாளர் எழுந்து நடப்பதே தேவையற்றதாக்கப்பட்டுள்ளது: அதிர்ச்சி தாங்கும் இருக்கையில் வார்ப்பட்டையால் தம்மைக் கட்டிக்கொண்டு, எதிரிலுள்ள திரையின் வழியாகவே படகின் பெரும்பாலான அமைப்புகளை அவர்கள் இயக்குகிறார்கள். செல்வந்தர் தமது படகில் எங்கும் உலவலாம், உலவ முடிந்த வானிலையில். மீட்புப் பணியாளரோ எந்த வானிலையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

இத்தகைய வேறுபாடுகளை எழுத்து வடிவில் தீர்த்துவைக்க ஐரோப்பிய ஒன்றியம் முயன்றது. உல்லாசப் படகுகளை ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பகுக்கும் அதன் நெறிமுறைப்படி, ஏ வகைப் படகு, காற்றின் வலிமையைப் 0 முதல் 12 வரை எண்ணிடும் போஃபர்ட் அளவையில் 8-க்கு மேற்பட்ட காற்றையும், 4 மீட்டருக்கு மேற்பட்ட குறிப்பலை உயரத்தையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். புயல் முதலிய அசாதாரண நிலைமைகள் இக்கணக்கில் சேரா. குறிப்பலை உயரம் என்பது அலைகளுள் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி. ஆகவே 4 மீட்டர் என்று எழுதியிருக்கும் கடலில் ஏறத்தாழ அதனினும் இருமடங்கு உயரமுள்ள அலை ஒன்று எழுந்து வந்தாலும், அது விதிமீறிய அலை என்று வழக்குத் தொடர இயலாது. பழைய நெறிமுறையில் இவ்வகைகளுக்கு மாக்கடல், கரைகடந்த கடல், கரையோரம், காப்பான நீர்நிலை என்ற பெயர்களும் இருந்தன. 2013-ஆம் ஆண்டின் நெறிமுறை பெயர்களை நீக்கி எழுத்துகளை மட்டும் விட்டுவைத்தது. மாக்கடல் என்று சான்றிதழில் அச்சிட்டிருந்தால் அங்கே போய்ப் பார்க்கும் மனிதர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள் என்பதை எண்ணும்போது, இந்நீக்கத்தைக் கட்டுரையாளர் மனமார வரவேற்க வேண்டியிருக்கிறது.

சொகுசுப் படகின் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதுவது தவறு. அவற்றுள் பலவற்றின் அடிப்பாகம் ஆழ்ந்த வி வடிவம் எனப்படும் கூர்மையான அமைப்பைக் கொண்டது. ரே ஹன்ட் என்னும் அமெரிக்கர் வடிவமைத்த இவ்வகைப் படகாகிய மாப்பி, 1960-இல் கொந்தளித்த கடலில் நடந்த மயாமி–நாசாவ் பந்தயத்தில் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளி வென்ற பின்னரே அவ்வடிவம் புகழ்பெற்றது. எனவே நீர்க்கோட்டுக்குக் கீழே சொகுசுப் படகும் ஒரு முரட்டுப் பந்தயக்காரனே; அப்பந்தயக்காரனின் தோள்மேல் மூன்று படுக்கையறைகள், ஒரு மதுக்கூடம், வெயில் காயும் மெத்தை, அதற்கும் மேலே இன்னொரு ஓட்டுநர் தளம் ஆகியவற்றை ஏற்றிய பிறகு அவன் எப்படி ஓடுவான் என்பதே கேள்வி. விரைந்தால் அலைமேல் அறைபடுவான், மெதுவாகச் சென்றால் மேற்பாரத்தால் உருள்வான். இவ்வுருளலைத் தணிக்க, வேகமாகச் சுழலும் கனத்த சக்கரத்தைக் கொண்ட ஜைரோ தணிப்பான் பொருத்தப்படுகிறது, அது இயங்க மின்னாக்கி வேண்டும், மின்னாக்கிக்கு டீசல் வேண்டும். இத்தனை சிக்கல்கள் இருந்தும் கவர்ச்சிக்குக் குறைவில்லை: 1999-இல் வெளிவந்த தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப் என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் சன்சீக்கர் படகு ஒன்று தேம்ஸ் நதியில் சீறிப் பாய்வதைப் பலர் நினைவுகூர்வர்; அதை ஓட்டியவர் எதிரணிப் பெண் என்பது விளம்பரத்துக்குக் குறையொன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

இவ்விரு முனைகளுக்கும் இடையில் ஒரு மூன்றாம் மரபு உண்டு. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாயிருந்த ராபர்ட் பீபி, 1963-இல் சிங்கப்பூரில் பாசேஜ்மேக்கர் என்னும் 50 அடிப் படகைக் கட்டுவித்து அதிலேயே கிரேக்கம் வரை சென்றார். சொந்த விசைப்படகில் மாக்கடலைக் கடக்க வேண்டுமானால் முதலில் அவசரத்தைக் கரையில் விட்டுவிட வேண்டும் என்பதே அவர் போதித்ததன் உட்பொருள். நீரைக் கிழித்துச் செல்லும் படகு, தான் எழுப்பும் அலை தன் நீளத்துக்கு நீண்டதும், அவ்வலைமேல் ஏற முடியாமல் தேங்கிவிடும். நீர்க்கோட்டு நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்னும் அலகில் கிடைக்கும். 36 அடிக்கு அது 8 நாட். இவ்வெல்லையை வலிந்து தாண்ட முயல்வோர் டீசலைக் கொட்டுகிறார்கள். எல்லைக்குள் அடங்கியவர்களோ உலகைச் சுற்றுகிறார்கள், நார்தாவ்ன் நிறுவனத்தின் 40 அடி வகைப் படகு 2001–02-இல் சுற்றி வந்ததுபோல. ஸ்டீவ் டாஷூ என்பவர் இம்மரபை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்று, பராமரிப்புத் தொல்லையைத் தவிர்க்க வண்ணமே பூசாத அலுமினியப் படகுகளை வடிவமைத்தார். அவை பார்வைக்கு ஏதோ ஒரு சிறு நாட்டின் ரோந்துப் படகுபோல் இருப்பதால், அவற்றில் உல்லாசமாகச் செல்பவர்கள்கூடச் சற்றுக் கண்டிப்பானவர்களாகத் தோன்றுகிறார்கள்.

அண்மைக்காலமாகச் சொகுசுப் படகுக்காரர்களுக்கும் இந்தத் தோற்றத்தின்மேல் ஆசை பிறந்து, செங்குத்தான அணியமும் தடித்த ஓரக்கட்டையும் கிரேனும் கொண்ட தேடற்பயணப் படகுகள் சந்தையில் பெருகியுள்ளன. அவற்றுள் துருவப் பனியை நேரில் கண்டவையும் உண்டு, கோடைவிருந்தில் கண்ணாடிக் கோப்பையில் மட்டும் கண்டவையும் உண்டு. எப்படியாயினும், இயந்திரம் நின்றுபோகும்போது எல்லாப் படகுகளும் ஒரே எண்ணைத்தான் அழைக்கின்றன. பெரும்பாலும் தொண்டர்களால் ஆன அறநிறுவனத்தார் மீட்புக்குக் கட்டணம் கேட்பதில்லை. நன்கொடை தர விரும்பினால் மறுப்பதுமில்லை. நடுக்கடலில் நின்றுபோன சொகுசுப் படகின் அணியத்தில் கயிறு கட்டப்படுகிறது, அது இழுபட்டு மெல்லத் துறைக்குத் திரும்புகிறது. 30 நாட் வேகத்துக்குப் பணம் கொடுத்தவர், அன்று வீடு வந்து சேரும் வேகம் பீபியின் வேகத்தைக்கூட எட்டுவதில்லை.