மாப்பிள்ளைக்கு வெறுங்கால் ஆசை

வாங்க மாப்பிள்ளை. தண்ணி வத்துற நேரம் பார்த்து, பாறைப் பக்கம் வெறுங்காலோட நடக்கப் போறீங்களாமே? போட்டோவுல கால் அழகா விழணுமாம், பேத்தி சொன்னா. போங்க, போங்க. டைல்ஸ் தரையில நடந்த காலைப் பார்க்கப் பாம்பன் கடலுக்கும் ஆசை இருக்கும்ல.

அங்க ஒருத்தர் கிடப்பாரு, கல்மீன்னு பேரு. மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த ஆள் கணக்கா, போட்ட இடத்தை விட்டு அசையமாட்டாரு. குட்டி மீன் மூக்குக்கு முன்னால வந்தா வாயைத் தொறப்பாரு. நீங்க கண்ணு சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள அது உள்ள போயிருக்கும். மேல செதில் கிடையாது, பூராவும் மருவு. அதுமேல பாசி வேற முளைச்சுக் கிடக்கும். தண்ணியிலேயே குடியிருந்தும் குளிக்காத மனுசன்!

முதுகுல 13 முள்ளு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் விஷப்பை. அவரா தேடி வந்து குத்தமாட்டாரு, அந்தக் கெட்ட பழக்கம் அவருக்கு இல்ல. மிதிக்கிறவன் கனத்துலதான் பை பிதுங்கி விஷம் ஏறும். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க கனம் எவ்வளவு கூடியிருக்குன்னு நான் கேக்கல. தண்ணி வடிஞ்சு போச்சே, செத்திருப்பாருன்னும் நினைக்காதீங்க. வெளியில கிடந்தாலும் மணிக்கணக்கா உசுரோட இருப்பாரு.

பாசி எடுக்கப் போற நம்ம பொம்பளைங்களைப் பாருங்க. விரல்ல துணி சுத்தி, காலுல தகடு கட்டிக்கிட்டுத்தான் இறங்குறாங்க. பொறந்ததுல இருந்து இந்தக் கடலைப் பார்த்தவங்க, பாவம், அவங்களுக்கு விவரம் பத்தல.

மண்டபத்துல கடல் படிப்பு படிச்ச தம்பி ஒண்ணு சொன்னான். ஜப்பான்ல இந்த வகையறா மீனு ஒண்ணு இருக்காம், ஒக்கோசேன்னு. வேட்டைக்குப் போறவங்க அதைக் காயவெச்சு மலைச்சாமிக்குக் காட்டுவாங்களாம். அது பொம்பளைச் சாமி, முகம் அவ்வளவு லட்சணமில்லையாம். தன்னைவிட அசிங்கமா ஒண்ணைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து வேட்டையை அள்ளிக் குடுத்துருமாம். கல்யாணப் போட்டோவுல உங்க மாமனாரை ஏன் பக்கத்துலயே நிறுத்திக்கிட்டீங்கன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

குத்திட்டா? அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். 45 டிகிரி வெந்நீர்ல காலை முக்கி வெச்சு, ஒன்றரை மணி நேரம்வரைக்கும் உக்காரணும். சூடு பார்க்க நல்ல காலை விடுங்க; குத்துப்பட்ட காலுக்குச் சூடு தெரியாது, வெந்து போயிரும். வலி குறைஞ்சிருச்சுன்னு படுத்துடாம ஆஸ்பத்திரிக்கும் போயாகணும்.

உங்க மாமியா காப்பிக்கு வெந்நீர் வைக்கவே முனகுறவ. ஒன்றரை மணி நேரம் ஆற ஆறச் சுட வெச்சு ஊத்தணும்னா என்ன பேசுவான்னு நினைச்சுப் பாருங்க. திண்ணைக்குக் கீழ என் பூட்ஸு கிடக்கு, அடி தடிமன். மாட்டிக்கிட்டுப் போங்க. கொஞ்சம் நாறும்.