ஒரு ஹெரால்டின் ஜீர்ணோத்தாரணம்

மகாராஜராஜஸ்ரீ வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள் திவ்விய சமுகத்திற்கு, தங்கள் எல்லைக்குட்பட்ட ஒரு வயோதிகன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விக்ஞாபனம். இவ்விடம் நானும் என் மனைவியும் க்ஷேமம். என் கார் க்ஷேமமா, அல்லது அப்படியொரு கார் உண்டா என்பதையே தாங்கள்தான் இன்னும் தீர்மானித்தருள வேண்டியிருப்பதால், தங்கள் க்ஷேமத்தை விசாரிக்கும்போதே அதையும் சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

இதை நான் ஆத்திரத்தில் எழுதுவதாகத் தாங்கள் எண்ணலாகாது. முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில், குமாஸ்தாவாய்ப் புகுந்து சூப்பரின்டெண்டாய் வெளிவந்து, கோப்பு என்னும் ஜீவனின் பிறப்பு, வளர்ச்சி, உறக்கம் ஆகிய சகல அவஸ்தைகளையும் அருகிருந்து கண்டவன் நான். கோப்பின் ஓரத்தில் ஒருவர் 'பேசவும்' என்று எழுதினால் அவருக்குப் பேச விருப்பமில்லை என்று பொருள் என்பதை அறிந்தவனுக்கு ஆத்திரம் எங்கிருந்து வரும்? ஆச்சரியந்தான் வருகிறது, அதைத் தங்கள் திருமுன் வைப்பதே என் நோக்கம்.

பிரஸ்தாப வாகனம் என் தகப்பனார் 1969-ஆம் வருஷம் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்து, மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர் வரைந்த உருவத்தைப் பெற்று, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் நம்மவர் கையால் கோத்து முடுக்கப்பட்ட வண்டி அது. சீமையில் இரண்டே கதவுகளோடு திரிந்த அதற்கு, முன் ஸீட்டை மடக்கி மாமியாரைக் குனிந்து பின்னால் ஏறச் சொல்வது தேசாசாரத்துக்கு ஒவ்வாதென்று கண்டோ என்னவோ, இங்கே மார்க் 3-இல் நான்கு கதவுகள் வைத்தார்கள். எஞ்ஜின் 948 சி.சி. பானெட்டைத் திறந்தால், மட்கார்டுகளோடு சேர்ந்து முகம் முழுவதும் முன்பக்கமாய்க் கவிழ்ந்து, பெரியோரைக் கண்டு தலை வணங்குவது போல நிற்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சாவகாசமாய் வேலை செய்யலாம். ஏறக்குறைய 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். இந்தக் கடைசி விவரத்தைத் தாங்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில், தங்கள் அலுவலகத்தில் என் கோப்பு இரண்டாவது மேஜையிலிருந்து முதல் மேஜைக்குத் திரும்புவதற்குப் பதினோரு வாரம் பிடித்தது, இரு மேஜைகளுக்கும் இடையே உள்ள தூரமோ ஆறடி.

தகப்பனார் காலமான பின் மாட்டுக் கொட்டகையில் படுதா போர்த்திக் கிடந்த அதை, ஓய்வுபெற்றவனுக்கு உண்டாகும் விபரீத எண்ணங்களில் ஒன்றினால் தூண்டப்பெற்று, மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறைக்கு லாரியில் ஏற்றிச் சென்றேன். எழுபது வயதான டிங்கர் பாய், பானை வாங்க வந்தவளைப் போல வண்டியைச் சுற்றிவந்து, விரல் முட்டியால் தட்டித் தட்டி, "இது தகடு, இது பட்டி, இது வெறும் பெயிண்ட்" என்று சொல்லிக்கொண்டே போனவர், டிரைவர் பக்கத்துக் கதவின் அடியில் பொத்தென்று ஒரு சப்தம் கேட்கவே, ஸ்க்ரூடிரைவரால் கிளறி, பட்டிக்குள்ளிருந்து மடித்துத் திணித்த ஒரு பழைய தினசரியை உருவி என் கையில் கொடுத்தார். "ஓட்டைய இத வெச்சு அடைச்சிருக்கான் சார். எழுத்து இன்னும் அழியல, படிக்கலாம்" என்றார். கால் வைக்கும் இடத்துத் தரைத்தகடு துருவில் கரைந்து போயிருந்தது; டிரைவர் ஸீட்டிலிருந்து குனிந்தால் பட்டறையின் சிமெண்ட் தரை தெரிந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட வெள்ளை, அதன்கீழ் பச்சை, அதன்கீழ் சாம்பல் என்று கீழடிக் குழியைப் போல அடுக்கடுக்காய் வந்து, கடைசியில் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்த அதே நீலம் எட்டிப் பார்த்தபோது, தகப்பனாரே அந்தச் சந்து வழியாக என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. இடையில் பூசிய மூன்று வர்ணங்களையும் அவர் தங்கள் முன்னோர்களிடம் அநுமதி பெறாமலே பூசியிருக்கக்கூடும். அக்குற்றத்துக்கு அவரை அழைப்பதானால் சம்மனை மேலே அனுப்ப வேண்டும்.

என் பேரன் பட்டறைக்கு வந்து, வண்டிக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம், அலாய் வீல், அடிவயிற்றில் நீல விளக்கு, பின்புறம் பீரங்கி போலச் சத்தமிடும் சைலன்ஸர் ஆகியவற்றைச் சிபாரிசு செய்தான். நான் அவனை உட்கார வைத்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை எடுத்துரைத்தேன்: உற்பத்தி செய்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகத்து விவரங்கள் வேறுபடும்படி எந்த உடைமையாளனும் தன் வாகனத்தை மாற்றலாகாது. "அப்ப தாத்தா, துருவையும் அப்படியே விடணுமா?" என்று அவன் கேட்டான். குழந்தைகள் விளையாட்டாய்க் கேட்கும் கேள்விகளுக்குச் சர்க்கார் பிற்பாடு மெய்யாகவே பதில் சொல்லும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

புதுப்பேட்டைச் சந்துகளில் மாதக்கணக்கில் அலைந்து, கிடைத்ததை வாங்கி, கிடைக்காததை லேத்தில் கடைந்து, ஸீட்டுக்குப் பழைய மாதிரியே உறை தைத்து, நீலம் பூசி, எஞ்ஜின் உயிர் பெற்ற அன்று பூசணிக்காய் உடைத்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் ஜன்னலில் இருந்த அம்மையார் என் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, "சிஸ்டத்துல இல்லையே சார்" என்றார். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்பதைச் சுட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பேரில் தவறுமில்லை. கணினியில் இல்லாதது கண்ணெதிரே நின்றாலும் மாயை என்பது அத்வைதத்தின் நவீன சித்தாந்தம் போலும்.

இதன்பின் இரண்டு மார்க்கங்கள் எனக்கு உபதேசிக்கப்பட்டன. முதலாவது, பதிவைப் புதுப்பித்தல்: பதினைந்து வருஷம் கடந்த சொந்த வாகனத்துக்கு ஐந்தைந்து வருஷமாய் ஆயுள் நீட்டிக் கொடுப்பது. அதற்குரிய மேஜையில், "இவ்வளவு பழசுக்கு இங்கே வராதீங்க, விண்டேஜ்ல போங்க" என்றார்கள். இரண்டாவது மார்க்கம் 2021-இல் மத்திய சர்க்கார் வகுத்த விதி. முதற் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த வாகனம், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்ஜினிலும் பெரிய மராமத்து எதுவுமின்றி ஆதி ரூபத்திலேயே இருக்குமானால், இருபதாயிரம் ரூபாய் கட்டணத்தின் பேரில், 'விஏ' என்னும் இரண்டெழுத்து இடம்பெற்ற எண்ணும் பத்து வருஷ ஆயுளும் அதற்குண்டு. மகிழ்ந்து அந்த மேஜைக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து, உள்ளே குனிந்து, தரைத்தகட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"இது ஒரிஜினலா சார்?"

"பழைய தகடு போய்விட்டது, கால் வைத்தால் ரோடு தெரிந்தது. அதை மட்டும் மாற்றினேன்."

"அப்ப இது புதுசு. ரினியூவல்ல போங்க."

ஆக, முதல் மேஜைக்கு என் வண்டி மிகப் பழையது. இரண்டாவது மேஜைக்கு மிகப் புதியது. விண்ணிலும் செல்லாமல் மண்ணிலும் நில்லாமல் இடையில் தொங்கும் திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் என்று ஒரு சிபாரிசு இருந்தது.

இதில் வேறொரு சூக்ஷ்மமும் உண்டு. விண்டேஜ் எண் பெற்ற வாகனம் அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓடலாகாது. கண்காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், பழங்கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போட்டுக்கொள்ளவும், பழுது பார்த்துக்கொள்ளவும் மட்டும் செல்லலாம். விதியை வகுத்த புண்ணியவான் சொந்தத்தில் ஒரு ஹெரால்டு வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்குக்கும் மெக்கானிக்கிடமும் போய்வந்ததைத் தவிர, என் தகப்பனார் காலத்திலும் அது வேறெங்கு அதிகமாய்ப் போயிற்று?

ஐயா, வண்டி மாறலாகாது என்று சட்டம் சொல்வதை நான் சிரமேற்கொள்கிறேன். ஆனால் மாறாமலிருப்பது எது என்று ஒருநாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். இந்த வண்டி வாங்கிய அதே 1969-இல் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிற்று. 1996-இல் நகரத்தின் ஆங்கிலப் பெயரும் மாறிற்று. இதைப் பதிவு செய்த 1939-ஆம் வருஷச் சட்டம் போய் 1988-ஆம் வருஷச் சட்டம் வந்தது. அதுவும் 2019-இல் பெருந்திருத்தம் பெற்றது. எண் பலகையின் எழுத்துகள் மாறின; ஆர்.சி. புத்தகம் ஒரு சிறு அட்டையாய்ச் சுருங்கிற்று. பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். வண்டியைச் செய்த கம்பெனியே மறைந்தது. தங்கள் அலுவலகமும் ஓட்டுக் கட்டடத்தை விட்டுக் கண்ணாடி முகப்போடு கூடிய புதுக்கட்டடத்துக்குக் குடிபுகுந்தது. பழைய நாற்காலியில் ஒன்றைக்கூட நான் அங்கே காணவில்லை. இத்தனையும் மாறலாம், மாறியபின்னும் சர்க்கார் அதே சர்க்கார்தான். என் ஹெரால்டு மட்டும் இரண்டு சாண் தகடு மாற்றினால் அது வேறு வண்டியாகிவிடும் என்பதே என் அற்ப புத்திக்கு எட்டாத தத்துவம்.

நம் முன்னோர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஜீர்ணோத்தாரணம். கோயில் சிதைந்தால், மூர்த்தியின் சக்தியைப் பாலாலயத்தில் இருத்தி, இற்ற மரத்தை மாற்றி, உதிர்ந்த சுதையைப் புதுப்பித்து, வர்ணம் பூசிக் கும்பாபிஷேகம் செய்கிறார்கள். பழைய சுண்ணாம்பு எங்கே என்று கேட்டு, இது ராஜராஜன் கட்டிய கோயிலன்று என்று சான்று மறுத்தவர் எவருமில்லை. மராமத்துச் செய்ததனாலேயே அது பழைய கோயிலாய் நிற்கிறது. செய்யாதிருந்தால் பழைய கற்குவியலாய்க் கிடந்திருக்கும். தகடு மாற்றியிராவிட்டால் என் வண்டியும் பூரண ஆதி ரூபத்தில், தங்கள் விதி விரும்பும் வண்ணமே, கொட்டகையில் துருவாய்க் கிடந்திருக்கும்.

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து, ஒன்று, என் வண்டி பழையதா புதியதா என்பதை இரு மேஜைகளும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்குமாறும்; இரண்டு, பழையதென்று தீர்மானமானால் எவ்வளவு துரு இருந்தால் ஆதி ரூபம் என்று கொள்ளப்படும் என்பதைச் சதுர அங்குலக் கணக்கில் அறிவிக்குமாறும்; மூன்று, என் மனைவியை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துச் செல்வது கண்காட்சியில் அடங்குமா ஆராய்ச்சியில் அடங்குமா என்று தெளிவுபடுத்துமாறும் உத்தரவிடப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சிஸ்டத்தில் இல்லாத வண்டியின் சொந்தக்காரன்.

பி.கு.: சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். இது ஏழாவது பிரதி. முந்தைய ஆறும் தங்கள் அலுவலகத்தில்தான் எங்கோ இருக்கின்றன, ஜெராக்ஸ் ஏற்கப்பட மாட்டாது என்றும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்தால்தான் எண் தெரிகிறது; ஒவ்வொரு முறையும் எண்ணும் சற்றுத் தேய்கிறது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று இப்போதே எனக்குச் சந்தேகம். எட்டாவது பிரதி கேட்பதற்குமுன் தாங்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். எண் அடியோடு அழிந்துபோனால், இந்த வண்டியில் நடந்த மாற்றங்களிலே மிகப் பெரிய மாற்றம் அதுவாகவே இருக்கும், அதைச் செய்தவன் நானாகவும் இருக்க மாட்டேன்.