பந்தியில சோறு இல்லாத தோட்டம்

வா மாப்ள, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? நர்சரிக்காரனுக்குக் கத்தை கத்தையாக் குடுத்தும், மார்கழி பொறந்து இன்னும் ஒரு தேனீகூட எட்டிப் பாக்கலியாமே. அது என்ன பண்ணும்? பந்தியில சோறு இல்லைன்னு தெரிஞ்சா நீ எந்த விசேஷ வீட்டுக்குப் போயிருக்க?

உன் தோட்டத்தைச் சுத்திப் பாத்தேன். குரோட்டன்ஸ், காகிதப்பூ, அப்புறம் உருண்டு திரண்ட ஒரு சாமந்தி. இதழுக்கு மேல இதழா அடைச்சுக் கெடக்கு, தேனீ எங்க போயி வாய வைக்கும்? நடுவுல மஞ்சப் பொட்டு தெரியுற ஒத்தையடுக்குச் சாமந்தின்னா வந்திருக்கும். அது வெல கம்மி, அதான் நீ வாங்கல.

சரி, வாசத்துக்காவது வரும்னு மரமல்லி வச்சியாக்கும். நல்ல மரந்தான், ஐப்பசி கார்த்திகையில தெருவே மணக்கும். ஆனா அது ராத்திரி மலர்றது, வெள்ளைப்பூ, குழல் நீளம். தேனீ நாக்கு அம்புட்டுத் தூரம் எட்டாதுப்பா. அந்த வாசம் ராத்திரி சுத்துற அந்துப்பூச்சிக்கு விட்ட அழைப்பு. நீயும் நானும் சும்மா மோந்துக்கிறோம். பவழமல்லியும் ராவுல மலர்ந்து, விடியறப்ப தரையில கெடக்கும். மல்லிகை பனிக்காலத்துல மொட்டு வைக்கவே சண்டித்தனம் பண்ணும். தையில அது விக்கிற வெலைய உன் பொண்டாட்டிகிட்டக் கேளு.

வாசல்ல துளசி இருக்கே, அது போதாதா? கதிர் விட்டதும் கிள்ளிப் போட்டுடுற. ஒரு செடிய மட்டும் விட்டுப் பாரேன். வெயில் ஏறுனப்புறந்தான் தேனீ வரும். மார்கழிக் குளுருல அதுவும் விடியக்காலம் எந்திரிக்காது, அதுல ரெண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை. கதிரோட அடியில வந்து உக்காந்து, கடுகாட்டம் இருக்குற பூ ஒவ்வொண்ணுலயும் மூஞ்சிய விட்டு எடுத்து, நுனி வரைக்கும் ஏறிட்டுத்தான் அடுத்த கதிருக்குத் தாவும்.

மழை விட்டதும் காம்பவுண்டு ஓரத்துல தும்பை தானா மொளைச்சுச்சே, அதைக் கூலி குடுத்துல்ல புடுங்கிப் போட்ட! தேனீ தேடி வர்ற பூவுய்யா அது. காசு குடுக்காம வந்தா உனக்கு அது களை.

சமையலுக்கு வெதைச்ச கொத்தமல்லியில கொஞ்சம் பறிக்காம விடு, பூக்கட்டும்.

அப்புறம் முருங்கை. ஒரு போத்து நட்டா போதும். வேதாளம் ஏறும்னு பயமா? அதான் மாடியில நடுச்சாமம் வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு ஒண்ணு உக்காந்திருக்கே, ரெண்டாவது வராது. மாசியில கொத்துக் கொத்தாப் பூக்கும்போது கிட்டப் போயி மோந்து பாரு, லேசா இனிப்பு வாசம் வரும். தேனீ மொய்க்கும், கருவண்டு வந்து தொங்குனா காம்பே வளையும். கம்பளிப்பூச்சிக்குன்னு பூ இருக்கையில மருந்து மட்டும் அடிச்சுடாத, விருந்தாளி இலையில விஷம் வச்ச பாவம்.

போத்து நம்ம தோட்டத்துலயே இருக்கு, வந்து வெட்டிக்க. காசெல்லாம் வேண்டாம். காய் புடிச்சதும் வாரம் ஒரு கட்டு உங்க அத்தைகிட்டக் குடுத்துரு, நான் கேட்டேன்னு சொல்லாத.