வெப்சைட் இல்லாத பரோட்டா

கூகுள் மேப்பில் கடையைத் தொட்டால் முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம் எல்லாம் வருகிறது. வெப்சைட் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட அனாதைக் கடைகளைத் தேடிப்பிடித்துக் கரையேற்றவென்றே ஒரு தொண்டர் படை லேப்டாப்போடு கிளம்பியிருக்கிறது. வாழ்க!

மதுரையில் நள்ளிரவு தாண்டியும் கல்லில் பரோட்டா விழும் கடைகள் உண்டு. சால்னா ஊற்றவே ஆள் போதவில்லை. ஆனாலும் 'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம் இல்லையே! எதை நம்பி ஒருவர் இலையில் கைவைப்பார்?

சிறுகடைகளுக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்த வெப்சைட்டுகளை கூகுளே 2024 மார்ச்சில் மூடிவிட்டது. சரிதான், இலவசத்துக்கு என்றைக்கு மரியாதை இருந்தது? நம் தம்பிகள் காசு வாங்கிக்கொண்டுதான் செய்வார்கள். டொமைன், ஹோஸ்டிங், வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணம், முகப்பில் கோட் போட்டுச் சிரிக்கும் வெள்ளைக்காரர் (பரோட்டா மாஸ்டர் அவ்வளவு களையாக இல்லை), எல்லாம் ஒரே பேக்கேஜ்.

ஒரு முதலாளி கல்லாவை விட்டு எழாமலே கேட்டார்: "தம்பி, இருக்கிற கூட்டத்தக் குறைக்க எதுவும் இருக்கா?"

தம்பி அசரவில்லை. "அதுக்கும் வெப்சைட்தாண்ணே. இனிமே ஓடிபி வந்தாத்தான் பரோட்டா."