தலைவரை மாற்றப் போன கதை

பனிச்சறுக்கு மலைகளில் சிவப்புச் சட்டையும் முதுகில் வெள்ளைச் சிலுவையுமாகச் சிலர் சுற்றுவார்கள். ஸ்கீ பேட்ரோல் என்று பெயர். கால் முறிந்தவருக்குக் கட்டுப் போட்டு, ஸ்லெட்டில் ஏற்றிக் கீழே இறக்குவது வேலை. அமெரிக்காவில் இவர்களில் பெரும்பாலானோருக்குச் சம்பளம் கிடையாது. சந்தா மட்டும் உண்டு. கைக்காசைச் செலவழித்து, குளிரில் விறைத்து நின்று, யாராவது விழுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன மலை. பெயர் வேண்டாம்; அங்கே நான் ஒரு புரட்சி செய்யப் பார்த்தேன்.

விபத்து நடந்த இடத்தில் எங்களுக்குள் தலைமைத் தகராறு வந்ததே இல்லை. அடிபட்டவருக்கு மேல்புறம் ஸ்கீ இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி நட்டுவிட்டு, முதலில் மண்டியிட்டவர் யாரோ, அவர் பொறுப்பைக் கைமாற்றும் வரை அவர் சொல்வதுதான் சட்டம். பின்னால் வருகிறவர் எவ்வளவு பழுத்த அனுபவசாலியானாலும் “என்ன வேணும்?” என்றுதான் கேட்பார். கீழே பேட்ரோல் அறையிலும் இதே விதிதான்: முதலில் வந்தவர் தலைவர். அவர் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதுதான் பிரச்சினை.

எங்கள் குறைகள் நியாயமானவை. டூட்டிப் பட்டியலை அவர் ஒருவரே போடுவார். புது ஸ்லெட் வாங்குவதா, பழைய ரேடியோவையே ஒட்டவைத்து ஓட்டுவதா என்பதும் அவர் முடிவு. கணக்குக் கேட்டால் நோட்டைத் தட்டிக் காட்டுவார், திறக்க மாட்டார். சீசனுக்கு முன்னால் இலையுதிர் காலத்தில் நடக்கும் முதலுதவிப் பயிற்சியில் இதே பேச்சு. தொடையெலும்பு முறிந்தால் காலை இழுத்துப் பிடித்துக் கட்டும் சட்டத்தைப் பழகிக்கொண்டே தலைமை மாற்றத்தை ஆலோசித்தோம். அன்று நோயாளி வேடம் எனக்கு. “பூனைக்கு யார் மணி கட்டுறது?” என்று ஒருவர் கேட்ட அதே நேரத்தில் இன்னொருவர் என் காலை ஒரு சுற்று அதிகமாக இழுத்துவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வேலை கையெழுத்து வேட்டை. கோரிக்கை ஒன்றே ஒன்று: தலைவர் பதவிக்குக் கால வரம்பு. லிஃப்ட் நாற்காலியில் பக்கத்தில் மாட்டியவர் உச்சி வரும்வரை தப்ப முடியாது என்பது என் திட்டம். அந்தக் குளிரில் பேனா எழுதாது என்பது திட்டத்தில் இல்லை. கையுறையைக் கழற்றி, பேனாவை அக்குளில் வைத்துச் சூடேற்றி, ஒரு கிறுக்கல் வாங்குவதற்குள் இறங்குமிடம் வந்துவிடும். ஒருமுறை இறங்கவே மறந்து, என் ஒருவனுக்காக லிஃப்டை நிறுத்தினார்கள். விசைப் பக்கத்தில் நின்ற பையன் என் முதுகுச் சிலுவையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மனுவைக் கொடுத்தோம். தலைவர் சாவகாசமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து எங்கள் பைலாவை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். கால வரம்பு ஏற்கெனவே இருந்தது! இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் தலைவராக இருக்கக் கூடாது; வேறு யாரும் போட்டியிடாத பட்சத்தில் இருப்பவரே தொடரலாம். இத்தனை வருடத்தில் வேறு யாரும் போட்டியிட்டதில்லை. அந்தப் பக்கத்தைப் படித்ததுமில்லை. அடுத்து, கையெழுத்துகளைச் சரிபார்த்தார். “முதல் கையெழுத்து செல்லாதே” என்றார். அது என்னுடையது. அந்த வருடச் சந்தாவை நான் கட்டியிருக்கவில்லை.

கட்டிவிட்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். இந்த முறை வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். 1936-இல் ஸ்டோவ் மலையில் கணுக்கால் முறிந்து கிடந்தவர் மின்னி டோல். கூரைத் தகரத்தில் கிடத்தித்தான் அவரை இழுத்து வந்தார்கள். அன்று உடனிருந்த நண்பர் ஃபிராங்க் எட்சன், அதே குளிர்காலத்தில் ஒரு பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனார். அந்த வேதனையில் களத்தில் இறங்கிய டோல்தான் 1938-இல் தேசிய ஸ்கீ பேட்ரோலை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 10-ஆவது மலைப் படைப்பிரிவுக்கு ஆள் திரட்டிக் கொடுத்ததும் அதே அமைப்பு. அந்தப் படையில் சேர வந்தவர் மூன்று பரிந்துரைக் கடிதங்களோடு வர வேண்டியிருந்தது. “அப்பேர்ப்பட்ட டோலே 1950-இல் பதவியை விட்டு இறங்கிவிட்டார்” என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

“டோல் இறங்கினார், சரி. பொறுப்பெடுக்க ஆள் இருந்தது” என்றார் தலைவர். “இங்கே யார்? நீங்கள் நிற்கிறீர்களா?”

ஸ்கீ பூட்ஸில் கொக்கிகள் எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்கின்றன என்பதை அன்றுதான் கவனித்தேன். மேல் கொக்கியைத் திறந்து, ஒரு பல் தள்ளி மாட்டி, அது இறுக்கமாகத் தோன்ற, பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அறை முழுக்க டக், டக் என்று சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தால், கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் குனிந்து அவரவர் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறுதல் பரிசாக என்னை விதித் திருத்தக் குழுவுக்கு அமைப்பாளர் ஆக்கினார்கள். நான் தயாரித்த வரைவு இன்னும் என் கணினியில் பத்திரமாக இருக்கிறது. ‘இக்குழுவானது’ என்பது வரை எழுதியிருக்கிறேன்.

மாற்றம் வந்தது, ஆனால் எங்கள் மனுவைச் சீந்தாமல் வேறு பக்கமாக வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவர், தலைவரிடம் போய், “இந்த மாசம் டூட்டிப் பட்டியலை நான் போடட்டுமா?” என்று கேட்டார். அவர் நோட்டைத் தூக்கிக் கொடுத்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பிடுங்கப் பார்த்த அதிகாரத்தை, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மனிதர் வருடக்கணக்காக ராத்திரியில் கண்விழித்துச் சுமந்திருக்கிறார். அடுத்த சீசன் ரேடியோ பொறுப்பு, அதற்கடுத்து கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கைமாறியது. தேர்தலில் அந்தப் பெண்ணை முன்மொழிந்தவர் பழைய தலைவரேதான். போட்டி கிடையாது, வழக்கம்போல.

புதுத் தலைவர் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறார்; எல்லோரிடமும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். என்னை மட்டும் ஞாயிறு காலை முதல் டூட்டியில் போடுகிறார். கேட்டால், “விருப்பப் படிவத்தை நீங்கள் நிரப்பித் தரவே இல்லையே” என்கிறார். இதை இப்படியே விட முடியாது என்று லிஃப்ட் நாற்காலியில் மெல்லப் பேச ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை பென்சில் வைத்திருக்கிறேன். சந்தாதான் இன்னும் கட்டவில்லை.