நாலாவது புகைபோக்கி

ராயபுரத்தில் யாரையாவது "அவன் சரியான எம்டன்பா, உஷாரா இரு" என்றால், சத்தமில்லாமல் வந்து சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு, போகும்போது உங்கள் காசிலேயே டீயும் குடித்துவிட்டுப் போகிற ஆள் என்று பொருள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்றதும் அது 'எம் மகன்' ஆயிற்று. அந்த ஜெர்மன் கப்பலிலிருந்து ஒரு 'டன்'னை இறக்கிய பெருமை தமிழ் சினிமாவுக்கே.

இன்று ஆபீசுக்கு ஆபீஸ் புரொஜெக்டர் வைத்து டிரோஜன், பாட்நெட், ரான்சம்வேர் என்று வகுப்பெடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே, 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி, அதில் பாதிப் பாடத்தை அந்த ஒரே கப்பல் எங்கள் சென்னைத் துறைமுகத்தில் நடத்தி முடித்துவிட்டது.

முதல் பாடம் டிரோஜன். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மரச்சட்டத்தில் தார்ப்பாயைச் சுற்றி நாலாவதாக ஒன்றை நட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல். "நம்ம பையன்தான், உள்ள வரட்டும்" என்று தோன்றும். உங்கள் வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஏபிகே ஃபைல் வருகிறதே, அதுவும் தார்ப்பாய்ப் புகைபோக்கிதான். யார் கல்யாணம் என்று கேட்காமல் திறக்கிறோம். மொய் மட்டும் நம் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது.

அடுத்தது பாட்நெட். பிடித்த கப்பலை எல்லாம் எம்டன் மூழ்கடிக்கவில்லை. நிலக்கரி ஏற்றிவந்த கப்பல் சிக்கினால் அதைக் கூடவே ஓட்டிக்கொண்டு போகும். ஊரான் வீட்டு அடுப்புக்கரியில் தன் சோற்றை வடிக்கிற வித்தை. உங்கள் கம்ப்யூட்டர் உங்களுக்கே தெரியாமல் எவனுக்கோ ராத்திரி ஷிப்ட் பார்ப்பதும் இதேதான்.

சரி, சென்னை என்ன செய்துகொண்டிருந்தது? விளக்கை அணைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது. ஊரோ திருவிழாபோல ஜொலித்தது. பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவைக்கிற பரம்பரைக்கு இதுதான் மூலபுருஷர். சுமார் 3,000 கஜம் தூரத்தில் வந்து நின்ற எம்டன், சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தது. அரை மணி நேரம், 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிவாங்கியது. சிலர் செத்தும்போனார்கள், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கரையிலிருந்தும் பதிலுக்குச் சுட்டார்கள். வங்காள விரிகுடாவுக்குத்தான் காயம்.

எரிந்தது இரண்டு தொட்டி, காலியானது பாதி ஊர். பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். மறுநாளே வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எம்டன் இந்தியப் பெருங்கடலில் ஆடிய முதல் மாதத்தில் அந்தப் பக்கத்து ஏற்றுமதி 61.2 சதவீதம் விழுந்தது. குண்டால் இவ்வளவு விழவில்லை. அடுத்து யாரோ என்ற பயத்தில் விழுந்தது.

இதே ஆட்டத்தை 2017 ஜூன் 27 அன்று குண்டே இல்லாமல் ஆடிக்காட்டியது நாட்பெட்யா என்ற மால்வேர். உக்ரைனில் ஒரு கணக்கு சாப்ட்வேரின் அப்டேட்டில் ஒளிந்து கிளம்பி, மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கப் படுக்கவைத்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் டெர்மினலும் நின்றது. (எங்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்க எந்த வைரஸும் தேவைப்பட்டதில்லை என்பதை இங்கே அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன்.) திரையில் 300 டாலர் கேட்டது. கொடுத்தாலும் ஃபைல் திரும்பாது. ரான்சம்வேர் வேஷம் கட்டிய அழிப்பான் அது; மறுபடியும் நாலாவது புகைபோக்கி! மேர்ஸ்க்குக்குப் போனது 25 முதல் 30 கோடி டாலர். முக்கியமான சர்வர் நகல்கள் எல்லாம் போய், ஒன்றே ஒன்று கானா நாட்டில் பிழைத்திருந்தது. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் கட்! மின்வெட்டுக்கு உலகம் கைதட்டிய ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கிக்கு வந்தவன் இன்னும் நைஸான எம்டன். 2018 பிப்ரவரியில், வங்கிகள் பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள், மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். தகவல் வெளியே வராமலிருக்க முதலில் பிரிண்டரை முடக்கினான். நம்மூர் ஆபீசில் பிரிண்டர் ஓடவில்லை என்றால் எவன் சந்தேகப்படுவான்? ஓடினால்தானே சந்தேகம். ஆனாலும் மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோது குட்டு உடைந்துவிட்டது.

அசல் எம்டனின் கதை முடிந்தது கம்பியில்தான். 1914 நவம்பர் 9, கோகோஸ் தீவுகளில் கடலடித் தந்திக் கம்பியை அறுக்க ஆள் இறக்கினார்கள். இறங்குவதற்குள் அங்கிருந்த தந்தி ஊழியர்கள் "அந்நியக் கப்பல் வந்திருக்கு" என்று சேதி தட்டிவிட்டார்கள். போதாததற்கு, எவனாவது அறுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு டம்மி கம்பியையும் போட்டுவைத்திருந்தார்கள். வந்தவர்கள் அதையும் சிரத்தையாக வெட்டினார்கள். புகைபோக்கியால் ஊரை ஏய்த்தவனைக் கம்பியால் ஏய்த்தாயிற்று. சேதி கேட்டு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனை அடித்து நொறுக்கியது.

இங்கே அதன் ஞாபகமாக உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள். உங்கள் போனுக்குள் எம்டன் வந்துவிட்டால் மட்டும், பானை சட்டியைத் தூக்காமல், தந்தி ஊழியர் மாதிரி உடனே சேதி தட்டுங்கள்: சைபர் குற்றப் புகார் நம்பர் 1930.